‘விலை சரி, தவணையில் தரலாமா?’ என்று கேட்டால் ஒப்பந்தம் உருவாகாமல் போய்விடுமா?

வாசகர் கேள்வி: நான் சிறிய அளவில் புத்தக பைண்டிங் தொழில் செய்கிறேன். இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, பழைய கட்டிங் மெஷின் ஒன்றை நேரில் போய்ப் பார்த்து வந்தேன். திங்கட்கிழமை அதன் உரிமையாளர், “நீங்கள் பார்த்த மெஷினை 3,20,000 ரூபாய்க்குத் தருகிறேன். முழுப் பணமும் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை வரை உங்களுக்காக வைத்திருப்பேன்” என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். புதன்கிழமை நான், “விலை சரி. பாதியை இப்போதும் மீதியை ஒரு மாதம் கழித்தும் தரலாமா? வண்டி வாடகையை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. வியாழன் மாலை ஆறு மணிக்கு, “நீங்கள் சொன்னபடியே முழுப் பணமும் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதினேன். அன்று இரவே நீல டிக் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அவர், “நேற்று மதியமே வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் பேரம் பேசியதோடு நம் பேச்சு முடிந்துவிட்டது. அட்வான்ஸும் தரவில்லை, எழுதிக் கையெழுத்தும் போடவில்லை” என்கிறார். இதே போன்ற மெஷினுக்கு இப்போது 3,65,000 ரூபாய் கேட்கிறார்கள். சட்டப்படி எனக்கு ஏதாவது உரிமை உண்டா?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்கு உரிமை உண்டு என்பதே என் கருத்து. வியாழக்கிழமை மாலை உங்கள் இருவருக்கும் இடையே சட்டப்படி செல்லத்தக்க விற்பனை ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று வாதிடுவதற்கு வலுவான அடிப்படை இருக்கிறது. ஆனால் அந்த வாதம் நிற்பதும் விழுவதும் புதன்கிழமை நீங்கள் அனுப்பிய செய்தியை எப்படிப் பொருள் கொள்வது என்பதைப் பொறுத்தது. ஆகவே இந்தப் பதிலின் பெரும்பகுதியை அந்தச் செய்திக்கே ஒதுக்குகிறேன்.

அதற்கு முன், அட்வான்ஸ் தரவில்லை, கையெழுத்துப் போடவில்லை என்ற இரண்டு காரணங்களை ஒதுக்கிவிடலாம். ஒரு பொருளை விலைக்கு விற்க அல்லது வாங்க ஒருவர் முன்மொழிந்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால் விற்பனை ஒப்பந்தம் உருவாகிறது என்றும், அது எழுத்தாகவோ வாய்மொழியாகவோ இருக்கலாம் என்றும் 1930 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின் 5 ஆவது பிரிவு கூறுகிறது. முன்பணம் கொடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. பணம் தருவதாக நீங்கள் கொடுக்கும் வாக்குறுதியும், மெஷினைத் தருவதாக அவர் கொடுக்கும் வாக்குறுதியும் ஒன்றுக்கொன்று மறுபயனாக, அதாவது ஒன்றுக்கு ஈடாக மற்றொன்றாக, அமைந்துவிடுகின்றன. மின்னணுச் செய்திகள் வழியாக உருவானது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்லிவிட முடியாது என்பதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10-ஏ பிரிவு தெளிவுபடுத்தியிருக்கிறது. நிலம், வீடு போன்றவற்றுக்குப் பத்திரமும் பதிவும் தேவைப்படுவதால், எல்லா ஒப்பந்தங்களுக்கும் அவை தேவை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்துவிட்டது. மெஷின் போன்ற அசையும் பொருளுக்கு அந்த விதி பொருந்தாது.

அடுத்து, அவருடைய திங்கட்கிழமைச் செய்தி சட்டத்தின் பார்வையில் ஒரு முன்மொழிவா என்று பார்க்க வேண்டும். ஒன்றைச் செய்யவோ செய்யாதிருக்கவோ தமக்குள்ள விருப்பத்தை, மற்றவரின் சம்மதத்தைப் பெறும் நோக்கத்தோடு ஒருவர் தெரிவிப்பதையே 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முன்மொழிவு என்கிறது. நீங்கள் முதலில் பார்த்த இணைய விளம்பரம் பொதுவாக அந்த வகையில் சேராது. அது, வாங்க விரும்புவோர் வந்து பேசலாம் என்ற அழைப்பு மட்டுமே. விலையைச் சொன்னாலே முன்மொழிவு ஆகிவிடும் என்பதும் சரியல்ல. ஜமைக்காவிலிருந்து, அன்றைய பிரிட்டிஷ் காலனிகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடாகச் சென்ற ஹார்வி எதிர் ஃபேசி என்ற 1893 ஆம் ஆண்டு வழக்கில், ஒரு நிலத்தை விற்பீர்களா, குறைந்தபட்ச விலை என்ன என்று தந்தியில் கேட்டவருக்கு, குறைந்தபட்ச விலை 900 பவுண்டு என்று மட்டும் பதில் வந்தது. விலையைத் தெரிவித்ததை விற்கச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று அங்கே தீர்ப்பானது. உங்களுக்கு வந்த செய்தி அப்படிப்பட்டதல்ல. எந்த மெஷின், என்ன விலை, பணத்தை எப்படித் தருவது, எந்த நாள் வரை என்ற நான்கும் அதில் உள்ளன. “தருகிறேன்” என்ற உறுதியும் உள்ளது. நீங்கள் சம்மதம் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு பேசித் தீர்மானிக்க எதுவும் மிச்சமில்லை என்ற நிலையில் அவர் எழுதியிருக்கிறார். அது முன்மொழிவுதான்.

இனி புதன்கிழமைச் செய்திக்கு வருகிறேன். ஏற்பு என்பது முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 7 ஆவது பிரிவு வலியுறுத்துகிறது. முன்மொழிந்தவர் சொன்ன விதிகளில் ஒன்றை மாற்றிச் சம்மதம் சொன்னால் அது ஏற்பாகாது, எதிர் முன்மொழிவாகிவிடும். எதிர் முன்மொழிவுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அது முதல் முன்மொழிவை நிராகரித்ததாகக் கருதப்படுவதால், பழைய முன்மொழிவு அத்துடன் முடிந்துபோகிறது. பிறகு மனம் மாறி, சரி, முதலில் சொன்னபடியே வைத்துக்கொள்வோம் என்று திரும்பி வந்தாலும், ஏற்றுக்கொள்வதற்கு அங்கே எதுவும் இருக்காது.

இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது 1840 ஆம் ஆண்டின் ஹைட் எதிர் ரென்ச் என்ற இங்கிலாந்து வழக்கு. தம் பண்ணை நிலத்தை 1,000 பவுண்டுக்குத் தருவதாக ரென்ச் சொன்னார். ஹைட் 950 பவுண்டு தருவதாகச் சொன்னார். ரென்ச் அதற்கு இணங்காததும், 1,000 பவுண்டுக்கே வாங்கிக்கொள்வதாக ஹைட் எழுதினார். ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை என்று நீதிமன்றம் கூறிவிட்டது. மெஷின் உரிமையாளர், “நீங்கள் பேரம் பேசியதோடு பேச்சு முடிந்துவிட்டது” என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ இந்த விதியைத்தான் துணைக்கு அழைக்கிறார். அவருடைய வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. நீங்கள் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதில், ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் என்ற 1880 ஆம் ஆண்டு வழக்கில் இருக்கிறது. அதன் நிகழ்வுகள் உங்கள் நிகழ்வுகளோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகின்றன. இரும்புக்கான உரிமைச் சீட்டுகளை டன் 40 ஷில்லிங்குக்கு ரொக்கத்துக்கு விற்பதாகவும், திங்கட்கிழமை வரை அந்த வாய்ப்பு திறந்திருக்கும் என்றும் மெக்லீன் தெரிவித்தார். அந்தத் திங்கட்கிழமை காலையில் வாங்க இருந்தவர்கள், அதே விலைக்கு இரண்டு மாத அவகாசத்தில் சரக்கைப் பெற ஒப்புக்கொள்வீர்களா, இல்லையென்றால் அதிகபட்சம் எவ்வளவு அவகாசம் தர முடியும் என்று தந்தியில் கேட்டார்கள். மெக்லீன் பதில் சொல்லாமல் சரக்கை வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு, விற்றுவிட்டதாகத் தந்தி கொடுத்தார். அந்தத் தந்தி போய்ச் சேர்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே, அவர் சொன்ன விதிகளின்படியே வாங்கிக்கொள்வதாக வாங்குவோர் தந்தி அனுப்பிவிட்டார்கள். காலையில் அவர்கள் அனுப்பியது நிராகரிப்பும் அல்ல, எதிர் முன்மொழிவும் அல்ல. விதிகளைத் தளர்த்துவீர்களா என்று விசாரித்தது மட்டுமே. ஆகவே முன்மொழிவு உயிரோடுதான் இருந்தது, ஒப்பந்தமும் உருவாகிவிட்டது என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

உங்கள் செய்தியை இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். “பாதிப் பணம் இப்போது, மீதி ஒரு மாதம் கழித்து என்றால் எடுத்துக்கொள்கிறேன்” என்று நீங்கள் எழுதியிருந்தால், ஹைட் நின்ற இடத்தில் நின்றிருப்பீர்கள். நானும் உங்களுக்கு நம்பிக்கை தரும் பதிலை எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் எழுதியதோ, “தரலாமா?”, “முடியுமா?” என்ற இரண்டு கேள்விகள். அவற்றுக்கு முன்னால் “விலை சரி” என்ற சொற்களும் இருக்கின்றன. தவணை கிடைக்காவிட்டால் வாங்கமாட்டேன் என்ற பொருள் அந்தச் செய்தியில் எங்கும் இல்லை. வண்டி வாடகையைப் பொறுத்தவரை உங்கள் நிலை இன்னும் உறுதியானது. வேறு ஏற்பாடு பேசப்படாதபோது, விற்கப்பட்ட பொருள் விற்பனையின்போது இருக்கும் இடத்திலேயே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது பொருள் விற்பனைச் சட்டத்தின் 36 ஆவது பிரிவில் உள்ள பொது விதி. அவருடைய செய்தியில் வாடகை பற்றிய பேச்சே இல்லாததால், அது உங்கள் பொறுப்பாகவே இருந்தது. அந்தச் சுமையை ஏற்க முடியுமா என்று கேட்டது ஒரு சலுகையைக் கேட்டதுதானே தவிர, அவர் விதித்த எதையும் மறுத்தது ஆகாது.

இதில் உள்ள பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றம் கேள்விக்குறியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாது. ஒரே செய்தியில் பணம் செலுத்தும் முறையையும் வண்டிச் செலவையும் சேர்த்து எழுப்பியதை, பணிவான நடையில் சொல்லப்பட்ட மாற்று விதிகள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். முழுப் பணமும் வேண்டும் என்று அவர் திட்டமாகச் சொல்லியிருந்த நிலையில் தவணையைக் கேட்டது, அந்த விதியை நீங்கள் ஏற்கவில்லை என்பதையே காட்டுகிறது என்றும் சொல்லும். மேலும், இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுபவையே அன்றிக் கட்டுப்படுத்துபவை அல்ல. இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகும், சாதாரணமாக யார் படித்தாலும் உங்கள் செய்தியை ஒரு விசாரிப்பாகவே புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். நேரில் சந்தித்தபோதோ தொலைபேசியிலோ இதைப் பற்றி நீங்கள் அவரிடம் வேறு ஏதாவது பேசியிருந்தால், குறிப்பாக, தவணை தராவிட்டால் கட்டுப்படியாகாது என்பது போன்ற ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது முழு விஷயத்தையும் மாற்றிவிடும்.

உங்கள் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லாமல் இருந்ததைத் தவணைக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. தம் உறவினரின் குதிரையைப் பற்றி, “பதில் வராவிட்டால் குதிரை எனக்குத்தான் என்று கொள்வேன்” என்ற வகையில் எழுதிவிட்டு, பிறகு அதற்கு உரிமை கோரியவர் 1862 ஆம் ஆண்டின் ஃபெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி வழக்கில் தோற்றுப்போனார். மௌனம் பொதுவாக ஏற்பாகாது. நீங்கள் அந்த மௌனத்தை நம்பியிருக்காமல் வியாழக்கிழமை மாலையே அவர் சொன்ன விதிகளை அப்படியே ஏற்று எழுதியது மிகச் சரியான செயல்.

முன்மொழிவு உயிரோடிருந்தது என்று கொண்டால், வியாழன் மதியம் நடந்த விற்பனை அதை முடித்துவிட்டதா என்ற கேள்வி எழுகிறது. வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன் என்று சொன்னவர் அதற்கு முன்பே பின்வாங்க முடியாது என்று நீங்கள் நினைக்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அந்த அவகாசத்துக்காக நீங்கள் தனியாக எதுவும் கொடுக்காததால், காத்திருப்பதாக அவர் சொன்ன வாக்குறுதிக்கு மறுபயன் இல்லை. ஆகவே வெள்ளிக்கு முன்பும் அவர் முன்மொழிவைத் திரும்பப் பெற்றிருக்கலாம். ஆனால் திரும்பப் பெறுவதற்கு ஒரு முறை இருக்கிறது. மனத்துக்குள் முடிவெடுத்தாலோ, வேறு ஒருவருக்கு விற்றுவிட்டாலோ மட்டும் போதாது. முன்மொழிந்தவர் அதை மற்றவருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 6 ஆவது பிரிவும், அந்த அறிவிப்பு மற்றவருக்குத் தெரியவரும்போதுதான் அவரைப் பொறுத்தவரை நிறைவு பெறுகிறது என்று 4 ஆவது பிரிவும் கூறுகின்றன. ஏற்பின் அறிவிப்பு நிறைவு பெற்றுவிட்ட பிறகு முன்மொழிவைத் திரும்பப் பெற முடியாது என்பது அதே சட்டத்தின் 5 ஆவது பிரிவு.

உங்கள் ஏற்பு எப்போது நிறைவு பெற்றது? தபாலில் அனுப்பப்படும் ஏற்பு, அனுப்பியவரின் கையை விட்டு நீங்கியதுமே முன்மொழிந்தவரைக் கட்டுப்படுத்திவிடும். தொலைபேசியில் அப்படியல்ல, ஏற்பு மறுமுனையில் கேட்கப்படும் இடத்தில்தான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா எதிர் கிர்தாரிலால் பர்ஷோத்தம்தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பாகக் கூறியிருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி இந்த இரண்டில் எதைச் சேர்ந்தது என்று நீண்ட விவாதம் நடத்தலாம். உங்களுக்கு அந்த விவாதம் தேவையில்லை. செய்தி வியாழன் மாலை புறப்பட்டது, அன்று இரவே அவர் பார்த்ததற்கான அடையாளமும் வந்துவிட்டது, அவருடைய மறுப்போ வெள்ளி காலையில்தான் வந்தது. எந்த விதியைக் கொண்டு அளந்தாலும் உங்கள் ஏற்பே முந்துகிறது.

இங்கே நான் உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. வியாழன் மாலை ஆறு மணிக்கு முன்பே, மெஷின் விலைபோய்விட்டது என்ற செய்தி தரகர் மூலமாகவோ தொழில் நண்பர்கள் மூலமாகவோ உங்கள் காதுக்கு எட்டியதா? 1876 ஆம் ஆண்டின் டிக்கின்சன் எதிர் டாட்ஸ் வழக்கில், வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு சொத்து கைமாறப்போவதை மூன்றாம் நபர் வழியாக அறிந்த பிறகு அவசரமாக ஏற்பைத் தெரிவித்தவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. நம் 6 ஆவது பிரிவு, முன்மொழிந்தவரே அறிவிப்பதைப் பற்றிப் பேசுவதால், இங்கே வேறு வகையாக வாதிட இடமுண்டு. என்றாலும் உண்மை எதுவோ அதை முதலிலேயே தெரிந்துகொண்டு நோட்டீஸ் எழுதுவது நல்லது.

ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்றால், அதை மீறியதற்கு உங்களுக்கு என்ன கிடைக்கும்? மெஷினே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முந்தைய விற்பனையைப் பற்றி எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து எடுத்துச் சென்றவரிடமிருந்து அதைத் திரும்பப் பெறச் சட்டம் பொதுவாக உதவுவதில்லை. உங்கள் விஷயத்தில் அவர் வாங்கியது நீங்கள் ஏற்றுக்கொள்வதற்கும் முன்பே நடந்திருக்கிறது. உங்களுக்குரிய நிவாரணம் இழப்பீடுதான். ஒப்பந்தச் சட்டத்தின் 73 ஆவது பிரிவின்படியும் பொருள் விற்பனைச் சட்டத்தின் 57 ஆவது பிரிவின்படியும், ஒப்புக்கொண்ட விலைக்கும் மீறல் நடந்தபோது இருந்த சந்தை விலைக்கும் உள்ள வேறுபாடே அதன் அடிப்படை அளவு. அதே வகை, அதே நிலையில் உள்ள மெஷின் உண்மையிலேயே 3,65,000 ரூபாய்தான் என்றால் உங்கள் கோரிக்கை 45,000 ரூபாய். ஒருவர் வாய்ச்சொல்லாகக் கேட்கும் விலை சந்தை விலைக்குச் சான்றாகாது என்பதால், இரண்டு மூன்று இடங்களில் எழுத்துமூலம் விலைப்புள்ளி வாங்கி வையுங்கள்.

மெஷின் வராததால் கைநழுவிய பைண்டிங் ஆர்டர்களின் லாபத்தையும் கேட்கலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். மாவு மில்லின் உடைந்த தண்டை எடுத்துச் சென்றவர்கள் தாமதித்ததால் மில் நின்றுபோன ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் என்ற 1854 ஆம் ஆண்டு வழக்கில், அப்படிப்பட்ட லாப இழப்பு மறுக்கப்பட்டது. 73 ஆவது பிரிவும் அதே வழியில்தான் செல்கிறது. ஒப்பந்தம் செய்யும்போதே, இந்த மெஷினை நம்பி இன்ன வேலையை ஏற்றிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிவித்திருந்தால் மட்டுமே அதைக் கோர முடியும். நீங்கள் அனுப்பிய செய்திகளில் அப்படி எதுவும் இல்லாததால் அந்தக் கோரிக்கையைச் சேர்க்க நான் பரிந்துரைக்கமாட்டேன். இழப்பைக் குறைத்துக்கொள்ள நியாயமான முயற்சி எடுக்க வேண்டியதும் உங்கள் பொறுப்பு. வழக்கு முடியட்டும் என்று மெஷின் வாங்காமல் காத்திருந்து, அதனால் கூடும் நட்டத்தையும் அவர் தலையில் ஏற்ற முடியாது.

இப்போது செய்ய வேண்டியவை சில. வாட்ஸ்அப் உரையாடலில் ஒரு வரியைக் கூட அழிக்காதீர்கள். ‘மறையும் செய்தி’ வசதி இயங்கிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். அந்தக் கைப்பேசியை விற்கவோ மாற்றவோ வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63 ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும். அதில் ஒரு பகுதியில் நிபுணர் ஒருவரும் கையொப்பமிட வேண்டியிருப்பதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டாலே போதும் என்று இருந்துவிட வேண்டாம்.

ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்க மூன்று ஆண்டு கால வரம்பு இருக்கிறது. ஆனால் 45,000 ரூபாய்க்காக உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலைவதை நான் முதல் வழியாகச் சொல்லமாட்டேன். முதலில் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் திங்கள், புதன், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாள் செய்திகளையும் சொல் மாறாமல் அப்படியே எடுத்தெழுதச் சொல்லுங்கள். புதன்கிழமைச் செய்தியைச் சுருக்கியோ, “பேசிப் பார்த்தேன்” என்று உங்கள் சொற்களில் மாற்றியோ எழுதினால், எதிர்த்தரப்பு அதையே பேரத்துக்கான ஒப்புதலாகக் காட்டும். நோட்டீஸுக்கு அவர் பதில் தராவிட்டாலோ மறுத்துவிட்டாலோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகி, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் சமரசத்துக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குள்ள அதே மதிப்பு உண்டு.